உடம்புக்கு உரியவருக்கே கடைசிச் சொல்: ஒரு கொள்கைப் பிரகடனம்

ஒவ்வொருவர் உடம்பின் மீதும் கடைசிச் சொல் அவரவருடையது. கணவன், தகப்பன், சாதி, கடன் கொடுத்தவர், மருத்துவர், அரசு ஆகிய எவருக்கும் அந்தச் சொல்லைப் பறிக்க உரிமை இல்லை. அவர் பெயரில் தாங்களே அதைச் சொல்லவும் உரிமை இல்லை. இந்த ஒரே கொள்கையின் மேல் இவ்வியக்கத்தைத் தொடங்குகிறோம். விசைத்தறித் தொழிலாளர், செவிலியர், வழக்கறிஞர், திருநங்கையர், பாலியல் தொழிலாளர், முதியோர், மாணவர் என்று பல திக்கிலிருந்து வந்திருக்கிறோம். எங்களை ஒன்றாக உட்கார வைத்தது இந்தக் கொள்கைதான்.

மேடையில் சொன்னால் இதை மறுப்பவர் யாரும் இல்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், தன் உடம்பைப் பற்றிய முடிவும் அதில் அடங்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு இன்னும் பிரசவ வார்டுக்குள் நுழையவில்லை. அங்கே இரண்டாவது குழந்தை பெற்ற பெண், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்கிறார். “வீட்டுக்காரர் வந்திருக்காராம்மா? அவர் கையெழுத்து வேணும்” என்கிறார்கள். அப்படி ஒரு விதி சட்டத்தில் கிடையாது. அவர் வந்து கையெழுத்துப் போடுகிறார். பிறகு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளைப் பெண்ணிடம் நீட்டி, “இங்க போடுங்க” என்று விரலால் இடம் காட்டுகிறார்கள். அவரும் போடுகிறார். அதற்குச் சம்மதம் என்று பெயர்.

அந்தத் தாளிலிருந்தே எங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

1. சொத்து அல்ல, சுயாட்சி

உடம்பின் உரிமையைப் பேசியவர்களில் பலர் அதைச் சொத்துரிமையாகவே பேசினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக், ஒவ்வொருவரும் தம் உடம்புக்கு உடைமையாளர் என்பதை அடித்தளமாக வைத்துத்தான் நிலத்துக்கும் பொருளுக்குமான உரிமையையே கட்டினார். 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவர் தன்னைப் பொறுத்துச் செய்வதில் அரசு தலையிடக் கூடாது என்று எழுதினார். நல்ல விதி. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டு உத்தியோகம் பார்த்த அவர், பின்தங்கிய சமூகங்களுக்கு இது பொருந்தாது என்றும் அதே நூலில் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே நமக்கு வந்து சேர்ந்தது 1860இன் தண்டனைச் சட்டம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரும், கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணும், தன் பாலினத்தவரோடு கூடியவரும் அதில் குற்றவாளிகள்.

உடம்பைச் சொத்து என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சொத்தை விற்கலாம், அடகு வைக்கலாம், கடனுக்கு ஜப்தியும் செய்யலாம். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கிய குடும்பங்களின் உடம்பு அப்படித்தான் அடகில் கிடந்தது. முதலாளியைக் கேட்டால், “அவங்களாத்தானே வந்து வாங்கினாங்க” என்பார். பொய்யும் இல்லை, கைநாட்டு வைத்த தாள் அவரிடம் இருந்தது.

அந்தத் தாளை 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் செல்லாக் காசாக்கியது. கடன் ரத்து. ஆளைப் பிடித்து வைத்திருந்தவருக்கு மூன்றாண்டு வரை சிறை. முன்பணம் வாங்கிய தொழிலாளி மேல் குற்றம் எதுவும் இல்லை. ‘நீயாகக் கைநீட்டி வாங்கினாயே’ என்று சட்டம் அவரைக் கேட்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில் போனது: பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழிக்குள் இறக்கியவர் குற்றவாளி, இறங்கியவர் அல்ல.

உடம்பின் விஷயத்தில் சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எங்கள் முன்மாதிரி இந்த இரண்டு சட்டங்களே.

2. எல்லை

எல்லையே வேண்டாம் என்பவர்கள் அல்ல நாங்கள். சட்டம் உள்ளே வருவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறோம்.

முதல் கேள்வி: இந்தச் செயல் வேறொருவர் உடம்பில், அவர் சம்மதம் இல்லாமல் போய் விழுகிறதா? இரண்டாவது கேள்வி: சம்மதம் என்று காட்டப்படுவது உண்மையில் அவருடைய சம்மதம்தானா? குழந்தையின் தலையாட்டலும், மிரட்டி வாங்கிய ‘சரி’யும், விவரம் சொல்லாமல் வாங்கிய கையெழுத்தும், கடன்காரன் வாசலில் நிற்கும்போது பிறந்த துணிச்சலும் சம்மதக் கணக்கில் சேரா.

முதல் கேள்விக்குப் பதில் ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம், முழுச் சம்மதமே’ என்றால் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. ஊருக்குப் பிடிக்கவில்லை, பண்பாட்டுக்கு ஆகாது, குடும்ப மானம் போகிறது என்பவை காரணங்களே அல்ல. பதில் வேறாக இருந்தால் சட்டம் வரலாம், வரவும் வேண்டும். ஆனால் அதன் கை ஆதாயம் பார்த்தவர் மேலும் வற்புறுத்தியவர் மேலும் விழட்டும். உடம்பை இழந்தவர் மேல் ஒருபோதும் விழக்கூடாது.

இன்றைய சட்டங்களை இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கிறோம்.

3. சிறுநீரகம்

1980களிலும் 90களிலும் சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் இருந்தது. 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைத் தடை செய்தது. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். 71 விழுக்காட்டினர் பெண்கள். பேசிய தொகை சராசரியாக 1,410 டாலர். கைக்கு வந்தது 1,070. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. கடனுக்காக விற்றவர்களில் 74 விழுக்காட்டினர் ஆய்வு நடந்தபோதும் கடனாளிகளாகவே இருந்தார்கள்.

உடம்பு போயிற்று, கடன் போகவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2025 ஜூலையில், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபோன செய்தி வெளியானது. இடம் மாறியது, கதை மாறவில்லை.

சட்டம் இருக்கும்போதே இது எப்படி நடக்கிறது? நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர், நோயாளி மேல் கொண்ட அன்பின் காரணமாகச் சிறுநீரகம் கொடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரக் குழு அதைச் சரிபார்க்க வேண்டும். இடைத்தரகர் நுழைவது அந்த வழியாகத்தான். “இவரை எத்தனை வருஷமாத் தெரியும்?” “எப்படிப் பழக்கம்?” என்று குழு கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் முதல் நாளே பதில் மனப்பாடம் செய்விக்கப்படுகிறது. தறி ஓட்டுகிறவருக்கு முன்பின் பார்த்திராத பணக்காரர் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது. காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும்? அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணம் கொடுத்தவரையும் பணம் பெற்றவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். கந்துவட்டிக்குச் சிறுநீரகத்தைக் கொடுத்தவருக்கு 20 லட்சம் அபராதம்! இப்படி இருக்கும்போது அவர் எந்தக் காவல் நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பார்? தரகருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு என்ன இருக்கிறது?

‘அவர் உடம்பு, அவர் விற்கட்டும், சந்தையைத் திறந்துவிடுங்கள்’ என்று ஒரு வாதம் உண்டு. ஈரானில் அரசின் மேற்பார்வையிலேயே பணம் கைமாறுகிறது. அங்கும் கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் கடனாளிகளும்தான். சிறுநீரகத்துக்கு விலை உண்டு என்று ஆகிவிட்டால், வட்டிக்காரர் அதையும் ஏழையின் கையிருப்பில் சேர்த்து எண்ணிக்கொள்வார். ஆகவே விற்பனைத் தடையை நாங்கள் ஆதரிக்கிறோம். விற்றவரைத் தண்டிப்பதை எதிர்க்கிறோம். கொத்தடிமைச் சட்டம் செய்ததை இந்தச் சட்டமும் செய்யட்டும்.

4. கருப்பை

கர்ப்பத்தடையைப் பற்றி மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று தனித்து நின்று சொன்னவர் பெரியார். பின்னால் வந்த அரசுகள் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டன; அவர் சொன்ன காரணத்தை விட்டுவிட்டன. அதனால் அது இலக்கும் எண்ணிக்கையுமாக மாறியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அதன் அரசியல் விலையைப் பார்த்த பிறகு எல்லாக் கட்சிகளும் ஆண்களை விட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். 13 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆபரேஷன் என்றால் பெண்ணுக்குத்தான். ஆண்கள் செய்துகொள்வது அபூர்வம்.

கருக்கலைப்பில் நாடு முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட சில நிலைமைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை அனுமதி வந்தது. மணமாகாதவருக்கும் அது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சட்டத்தின் சொற்களில் முடிவு செய்பவர் மருத்துவர், பெண் விண்ணப்பிப்பவர். அந்தச் சட்டத்துக்கு வெளியே தானே கலைத்துக்கொண்ட பெண் 1860இன் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவில் இன்னமும் குற்றவாளி. 1860 போயிற்று, அதன் நிழல் போகவில்லை.

கலைக்கும் உரிமையோடு பெறும் உரிமையையும் சேர்த்தே கேட்கிறோம். 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில், அறிவு வளர்ச்சி குன்றிய பெண் ஒருவரின் கருவைக் கலைக்க நிர்வாகம் முனைந்தபோது, பெற்றுக்கொள்கிறேன் என்ற அவர் சொல்லுக்கே உச்ச நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. எங்கள் கொள்கைக்கு இரு பக்கமும் கூர் உண்டு.

5. வீடும் ஊரும்

மனைவி மறுத்தும் கணவன் கொள்ளும் உறவை வல்லுறவுச் சட்டம் இன்றும் விலக்கி வைத்திருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியின் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ஒருமுறை தாலி ஏறினால் ஆயுளுக்கும் சம்மதம் என்பது எங்கள் உரைகல்லில் தேறவில்லை.

கணவனுக்கு முன்பே பெண்ணின் உடம்புக்கு உரிமை கொண்டாடுவது சாதி. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆதிக்க சாதிப் பெண் ஒருவர் தன் உடம்பைத் தானே ஒருவரிடம் ஒப்படைத்ததுதான் கொலைகாரர்கள் கண்ட குற்றம். அந்தச் சாதிக் கணக்கை எதிர்க்காமல் உடம்புரிமை பேசுகிறவர் பாதி வழியில் நின்றுவிட்டவர்.

பிறந்த குழந்தையின் பாலுறுப்பு மருத்துவப் புத்தகத்தின் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகக் கத்தி வைக்கும் வழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் கண்டித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் இத்தகைய அறுவைகளுக்குத் தடை விதித்து ஆணையிட்டது. இந்தியாவிலேயே முதல் ஆணை அது. பெருமைப்படுகிறோம். அது நாடு முழுவதற்கும் சட்டமாக வேண்டும்.

பாலியல் தொழிலில் இருப்பவரும் குடிமக்களே. தாமாக அத்தொழிலில் இருக்கும் வயது வந்தவரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஆனால் பாலியல் தொழில் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இன்னும் வாடிக்கையாளரை அழைத்தவரைச் சிறையில் தள்ளுகிறது. கடத்தியவரையும் தரகரையும் பிடியுங்கள். ‘மீட்பு’ என்று சொல்லி ஒருவரை விருப்பமில்லாமல் விடுதியில் பூட்டி வைப்பது மீட்பு ஆகாது.

6. பசியும் சாவும்

இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து, அக்டோபர் 13 அன்று உயிர்விட்டார் சங்கரலிங்கனார். மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை உணவை மறுத்தார். தற்கொலை முயற்சி என்று திரும்பத் திரும்பக் கைது செய்து, மூக்குவழிக் குழாயில் உணவைச் செலுத்தினார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. மனமுடைந்தவருக்குத் தேவை சிகிச்சை, சிறை அல்ல என்று 2017இன் மனநலச் சட்டமே சொல்லிவிட்டது, வரவேற்கிறோம். ஆனால் 226ஆம் பிரிவில் ஒன்றை மிச்சம் வைத்தார்கள்: அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு உயிரை விட முயன்றால் ஓராண்டு வரை சிறை. உண்ணாவிரதிகளை மிரட்ட இது போதும். பசித்திருப்பது ஏழைக்கும் எளியவருக்கும் மிஞ்சிய கடைசி மனு. அதைக் குற்றமாக்குகிற பிரிவு நீக்கப்பட வேண்டும்.

பிழைக்க வழியில்லாத நிலையில் கருவிகளைக் கழற்றிவிடச் சொல்லி முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். ஆனால் இப்படி ஒரு தாள் உண்டு என்பதே பெரும்பாலான முதியோருக்குத் தெரியாது.

இங்கேதான் மிக எச்சரிக்கையாக இருக்கிறோம். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற வழக்கம் உண்டு. படுக்கையில் விழுந்த கிழவிக்கு விடியற்காலையில் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வைத்து, குளிர்ந்த நீரை ஊற்றி, இளநீரும் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு உயிர் அடங்கும். “கிழவி கஷ்டப்படாம போயிட்டா” என்பார்கள். கிழவியைக் கேட்டவர் யார்? பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மாத்திரைக்குக் காசில்லை என்பதால் குடும்பம் எடுத்த முடிவு அது. சாகும் உரிமை என்ற பெயரில் இதற்கு யாரும் சாயம் பூசினால் முதலில் எதிர்ப்பவர்கள் நாங்களாக இருப்போம். வலிதணிப்புச் சிகிச்சையும் முதியோர் பராமரிப்பும் எட்டாத ஊரில், முதியவர் ‘போதும்’ என்று சொன்னால் அதில் எவ்வளவு அவர் சொல், எவ்வளவு வறுமையின் சொல் என்று பிரிக்க முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்போம்: மறுக்கும் உரிமை, மறுக்க அவசியம் இல்லாத பராமரிப்பு.

7. சில்லறைக் கேள்விகள்

ஹெல்மெட் சட்டத்தை எதிர்ப்பீர்களா என்று கேட்பார்கள். மாட்டோம். பொதுச் சாலையில் ஓட்டுவதற்கான நிபந்தனை அது. உடம்புக்குள் யாரும் கை வைப்பதில்லை. தடுப்பூசியில் உச்ச நீதிமன்றத்தின் 2022 மே மாதத் தீர்ப்பே எங்கள் நிலை: யாரையும் பிடித்து ஊசி போடக் கூடாது, தொற்று பிறருக்குப் பரவும் அபாயம் இருந்தால் அதற்கு அளவான கட்டுப்பாடு விதிக்கலாம். மதுவைப் பொறுத்தவரை, 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்தும் அரசு, குடித்தவருக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதியை இழந்துவிட்டது. விட நினைப்பவருக்குச் சிகிச்சை கொடுப்பது அதன் கடன்.

8. கோரிக்கைகள்

1. உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உறுப்பை விற்றவருக்குத் தண்டனை நீக்கப்பட வேண்டும். அவர் கடன் ரத்தாக வேண்டும். ஆயுள் முழுவதும் இலவச மருத்துவக் கண்காணிப்பு வேண்டும்.

2. எந்த அறுவைக்குமான சம்மதத் தாளும் தமிழில் இருக்க வேண்டும். வாய்விட்டுப் படித்துக் காட்டப்பட வேண்டும். வயது வந்த பெண்ணின் அறுவைக்குக் கணவர் கையெழுத்துக் கேட்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய தவறு என்று அறிவிக்கப்பட வேண்டும்.

3. குறித்த காலம் வரை கருவைப் பற்றிய முடிவு பெண்ணின் உரிமை என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். 88ஆம் பிரிவு பெண்ணைத் தொடக் கூடாது.

4. வல்லுறவுச் சட்டத்தில் கணவனுக்கான விலக்கு நீங்க வேண்டும்.

5. 226ஆம் பிரிவும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாலியல் தொழில் செய்பவரைத் தண்டிக்கும் பகுதிகளும் நீக்கப்பட வேண்டும்.

6. முன்கூட்டிய மருத்துவ உயிலைப் பதிந்து பாதுகாக்கும் வசதி ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வேண்டும். வலிதணிப்புச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையம் வரை வர வேண்டும்.

9. எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்வது

பாதிக்கப்பட்டவரின் கதையை அவர் அனுமதி இல்லாமல் மேடையேற்ற மாட்டோம். தழும்பைக் காட்டச் சொல்ல மாட்டோம். எங்களுக்கு ஒவ்வாத முடிவை ஒருவர் தம் உடம்பைப் பற்றி எடுத்தால், விவரம் சொல்வோம், விவாதிப்போம், தடுக்க மாட்டோம். உறுப்பினர் குடும்பத்திலேயே கொள்கை மீறப்பட்டால் குடும்ப விஷயம் என்று ஒதுங்க மாட்டோம். தரகரிடமோ மருத்துவ நிறுவனத்திடமோ ஒரு காசு நன்கொடை வாங்க மாட்டோம்.

முதல் வேலையாக, எங்கள் செவிலியரும் வழக்கறிஞரும் சேர்ந்து எளிய தமிழில் ஒரு சம்மதத் தாளை எழுதுகிறார்கள். என்ன செய்யப் போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி என்ன, வேண்டாம் என்று சொல்ல எந்த நிமிடம் வரை உரிமை உண்டு என்ற நான்கும் அதில் இருக்கும். அதை மருத்துவமனை வாசல்தோறும் கொண்டுபோவோம். வாங்கிப் படிப்பவர் யாராக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேட்டால் போதும். அவரும் இவ்வியக்கத்தில் சேர்ந்தவரே.